ஏழாம் பெட்டியில் அளவுக்கு உட்கார்ந்தவன்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஃபோனை வைத்த கையோடு மருமகள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் அல்லவா? குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. குழாய்த் தண்ணீர்தான் என்று மாமியாரும் எடுத்துக்கொண்டாள். அல்லது எடுத்துக்கொண்டதுபோல் இருந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனை. ஸ்கேன் பிரிவைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் வேலை. வருகிறாயா இல்லையா என்று நாளைக் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவன் இறந்துபோய் ஒரு வருஷம்கூட நிறையாத வீட்டில், அவனைப் பெற்றவளைத் தனியே விட்டுவிட்டுப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

இன்று எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மருமகள் எழுந்தாள்.

மாமியார் தையற்காரம்மா அவளுக்கு முன்பே எழுந்து தைக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாய் நிறையக் குண்டூசி. மடியில் பாதி மடித்த பாவாடை.

“அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“வாயில ஊசி இருக்கு. சிரிக்கிற விஷயமா இருந்தா இப்பச் சொல்லாத, முழுங்கிடுவேன்.”

“சிரிக்கிற விஷயம் இல்ல அத்தை.”

“அப்ப சாயங்காலம் சொல்லு. காலையிலேயே அழுதா அடுத்தவங்க துணியில கறை படும்.” ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். “அதுவும் இன்னிக்கு அந்தச் சாயக்காரப் பையன் வர்றான். வீட்டுக்கு முதல்முதலா வர்றவன் முன்னாடி ரெண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்கணுமா?”

மருமகள் வாயை மூடிக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் தவணை கிடைத்ததில் அவளுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

சாயக்காரன் யாரென்று புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. விளையாட்டு என்று சொன்னால் அதில் இருப்பவர்களுக்குக் கோபம் வரும். நிஜ ரயிலின் எடை, நிஜத் தண்டவாளத்தின் வளைவு, நிஜ பிரேக்கின் தாமதம் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். நம் கதையின் மகன் அந்த ரயிலுக்குப் பயணிகள் பெட்டி செய்து தருகிறவனாக இருந்தான். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்கு. அந்தக் கூட்டத்தில் அவனுக்குப் பெயரே பெட்டிக்காரன். அம்மாவின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, ஓடாத பெட்டிகள் நிற்கும் தடத்துக்குப் போய் ஜன்னல் ஜன்னலாக அளந்துவிட்டு வருவான். கம்ப்யூட்டரில் கோடு கோடாக இழுத்து அதையே எழுப்புவான். அவன் எழுப்பிய பெட்டிக்கு வெளிப்புற வண்ணம் தீட்டுகிறவன்தான் சாயக்காரன். பிழைப்புக்குப் பெயர்ப்பலகைக் கடையில் வேலை. இரண்டு பேரும் வருஷக்கணக்காகத் தினமும் பேசினார்கள். நேரில் ஒருமுறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை.

இன்னொன்றும் வாசகர்களுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியாது. மகன் போன பிறகு தையற்காரம்மா தினமும் மதியச் சாப்பாடு ஆனதும் அவன் அறைக்குள் போய், கம்ப்யூட்டரைப் போட்டு, அந்த ரயிலில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். “வேடிக்கை பாக்கிறேன். டிக்கெட் இல்லாத பயணம்” என்பாள். மருமகளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். உண்மை அதுவல்ல. ஏழாவது பெட்டியில் ஜன்னலோரமாக ஓர் உருவம் உட்கார்ந்திருக்கும். பச்சைச் சட்டை. கண், மூக்கு, வாய் எதுவும் வரையாத முகம். அதற்கு எதிர் இருக்கையில்தான் அவள் போய் உட்காருவாள்.

*

சாயக்காரன் வந்தபோது கையில் ஒரு பை, பைக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு சுற்றிய ஹார்ட் டிஸ்க்.

“இவ்வளவுதானா ஆளு?” என்றாள் தையற்காரம்மா. “ஸ்பீக்கர்ல உன் குரல் கேட்டா வீடே அதிரும். நான் என்னமோ நீ பீரோ மாதிரி இருப்பேன்னு நெனச்சேன். இங்க பாத்தா தலகாணி உறை மாதிரி வந்து நிக்கிற.”

“நீங்க மட்டும் என்னம்மா? குரலைக் கேட்டு எத்தனை தடவை பயந்து மைக்கை அணைச்சிருக்கேன் தெரியுமா?”

“உக்காரு. நேர்லயும் பயப்படலாம், ஒண்ணும் தப்பில்ல.” தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அதை விடாமலே கேட்டாள். “அவன் போனப்ப ஏன்டா வரல?”

சாயக்காரன் செம்பைப் பார்த்தான்.

“வந்தா அவர் இல்லைன்னு ஆயிடும்மா. வராம இருந்தா, ஏதோ லைன் கிடைக்கலைன்னு இருக்கும்.”

தையற்காரம்மா செம்பை விட்டாள்.

அவன் வந்த காரணம், அந்த ரயில் மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறிவிட்டதுதான். பழைய பதிப்பில் செய்த பெட்டிகள் புதியதில் ஓடாது. பெட்டிக்காரன் செய்ததையெல்லாம் கூட்டத்தில் நாலைந்து பேர் மாதக்கணக்கில் உட்கார்ந்து புதியதற்கு ஏற்ப மாற்றியிருந்தார்கள். அதை அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. மருமகளும் சரியென்று சொல்லியிருந்தாள்.

அளவெடுக்க ஒரு ஹோட்டலுக்குப் போக வேண்டியிருந்தது தையற்காரம்மாவுக்கு. அங்கே பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் மேலங்கி. வாசல்வரை போனவள் நின்றாள்.

“ஏம்பா, புதுசு போட்டா நான் ஏறுற வண்டி இருக்குமில்ல?”

“எல்லா வண்டியும் இருக்கும்மா. முன்னைவிடப் பளபளன்னு இருக்கும்.”

“பளபளப்பெல்லாம் வேண்டாம். இருக்கிறது இருந்தாப் போதும்.”

இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். பக்கத்தில் நின்ற மருமகளைப் பார்த்தாள். அந்த அறைக்குள் கால் வைக்கவே தயங்குகிற பெண். அவளுக்கு முன்னால் பச்சைச் சட்டையைப் பற்றிப் பேசினால் இன்று முழுக்க அவள் சாப்பிட மாட்டாள். தையற்காரம்மா நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

*

மருமகள் அறை வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே வந்து உட்காருங்கள் என்று சாயக்காரன் சொல்லவில்லை. புரிந்துகொண்டான் போலிருக்கிறது.

அவன் பழைய பதிப்பைத் திறந்து பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். நடுநடுவே தனக்குத்தானே பேசினான். “இருக்கைத் துணிக்குத் தையல்கூடப் போட்டிருக்கார் பாருங்க அண்ணி. இதை யார் உத்துப் பாக்கப் போறா?”

“அத்தை போடச் சொன்னாங்க. தையல் இல்லாத துணி எங்கடா இருக்கு, ஒட்டவச்சியான்னு கேட்டாங்க. மூணு நாள் அதுலயே உக்காந்திருந்தார்.”

சாயக்காரன் சிரித்தான். அடுத்த பெட்டிக்குப் போனான். அதற்கடுத்ததற்குப் போனான். கை நின்றது.

“இங்க ஒரு ஆள் உக்காந்திருக்கார்.”

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நாங்க வெளியில விட்ட பெட்டியில இவர் இல்லையே. ஓ, அளவு ஆள்.” அவனே விளக்கமும் சொன்னான். “இருக்கை உயரம் சரியா இருக்கா, ஜன்னல் தோளுக்கு நேரா வருதான்னு பாக்க ஒரு ஆளைச் செஞ்சு உக்கார வைப்போம் அண்ணி. வேலை முடிஞ்சதும் எடுத்துடுவோம். வீட்டுப் பிரதியில எடுக்காம விட்டுட்டார் போல. புதுசுல இவர் வரமாட்டார், ஃபைல் ஒரேயடியா கனம். மாத்தணும்னா தனியா உக்காந்து மாத்தணும். என்ன செய்யட்டும்?”

அளவுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றபோது பெட்டிக்காரன் வேறு எவனையும் தேடிப் போகவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “அள” என்று மனைவியிடம் நாடாவைக் கொடுத்தான். அவள் இடுப்பிலிருந்து உச்சந்தலைவரை அளந்தாள். தோளிலிருந்து முழங்கை. முழங்கையிலிருந்து விரல் நுனி. அவன் கூச்சப்பட்டு நெளிந்து நெளிந்து அளவு மாறிக்கொண்டே போனது. “ஆடாம இருங்க, பொணம் மாதிரி இருங்க” என்று அவள் அதட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த வார்த்தைதான் இப்போது அவள் நெஞ்சில் ஆணியாக இருந்தது. அதனால்தான் அறைக்குள் அவள் வருவதில்லை.

அவள் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். முகம் இல்லை. ஆனால் இடது தோள் ஒரு பக்கமாகச் சரிந்து, ஜன்னலில் சாய்ந்திருந்தது. வீட்டில் சோபாவில் எப்படிச் சாய்வானோ அப்படியே.

முதலில் அவளுக்கு வந்தது துக்கமில்லை, பயம். அத்தை தினமும் இந்த வண்டியில் ஏறுகிறாளே. வேடிக்கை பார்க்கிறவள் என்றைக்காவது ஒருநாள் இந்தப் பெட்டிக்கு வந்துவிட்டால்? சட்டை வெட்டியவள், தோளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் அந்த மனுஷியைத் தூக்கி நிறுத்த முடியுமா? அதுவும் நான் இல்லாத வீட்டில்?

“எடுத்துடுங்க” என்றாள்.

“நிச்சயமாவா அண்ணி? இது அவர் கையால செஞ்சது.”

“அத்தை கண்ணுல படக் கூடாது. பட்டா தாங்க மாட்டாங்க.”

அப்போதுதான் சாயக்காரனுக்கு அது யார் என்று புரிந்தது. திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“புதுசுக்கு இடம் பத்தாது. பழைய பதிப்பை மொத்தமா அழிச்சாத்தான் இது உள்ள போகும். அழிச்சிட்டா அந்த ஆளும் போயிடுவார். வேற எங்கயும் கிடையாது. ஒரு பிரதி எடுத்து வைக்கட்டுமா?”

இந்த இடத்தில் அவள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஆனால் அவள் செய்கிற வேலை அப்படி. எக்ஸ்ரே அறையில் எந்தப் படத்தையும் அரைகுறையாக விடக் கூடாது. செய்வதை முழுசாகச் செய் என்று பழகின கை.

“வேண்டாம். எங்க வச்சாலும் என்னைக்காவது ஒருநாள் அவங்க கையில மாட்டும். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிடுங்க.”

திரையில் ஒரு நீலக் கோடு மெதுவாக நீண்டது. முழுசானதும் மறைந்தது. அவ்வளவுதான். இரண்டாம் முறையாக வீட்டைவிட்டு ஓர் ஆள் போனது யாருக்கும் சத்தமாகக் கேட்கவில்லை.

மருமகள் எழுந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் மாமியார் எதிரே வந்தாள்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது அத்தை. உங்களுக்குப் புதுப் பொத்தானெல்லாம் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போவார்.”

“சாப்பிட்டுட்டு ஏறணும்” என்றாள் தையற்காரம்மா. நடையில் ஓர் அவசரம் இருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் குழந்தையை அழைக்கப் போகிறவள்போல.

*

அன்று மதியம் எக்ஸ்ரே அறைக்கு இருமிக்கொண்டே ஒருவர் வந்தார். துணைக்கு அவருடைய அம்மா.

“மூச்சை இழுங்க. பிடிங்க. ஆடாம இருங்க,” என்ற மருமகள் அதோடு நிறுத்திக்கொண்டாள். “விடுங்க.”

படம் திரையில் விழுந்தது. நல்லவேளை, சுத்தமான நெஞ்சு. வெளியே காத்திருந்த அம்மா, “என்னம்மா தெரியுது?” என்று கேட்டாள். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. மருமகள் அந்த விதியைச் சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ஒருமுறை அந்த விதியை மீறியிருக்கிறாள். தன் கணவன் படத்தை அவளேதான் எடுத்தாள், அதில் தெரிந்தது நல்லதல்ல. வெளியே வந்து மாமியாரிடம், “சளிதான் அத்தை, நீங்க வீட்டுக்குப் போங்க” என்றாள்.

அதைச் சொன்னது மாமியாருக்காகத்தான். இன்று அழிக்கச் சொன்னதும் மாமியாருக்காகத்தான். ஆக, இனி பாக்கி இருப்பது ஒன்றுதான்: வேலை விஷயம். சாயங்காலம் சொல்லிவிடலாம். கண்ணில் படக்கூடாததை எடுத்தாகிவிட்டது. அத்தை இனித் தைரியமாக இருப்பாள்.

இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

*

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தண்டவாளச் சத்தம் கேட்டது. தடக்-தடக், தடக்-தடக். மெஷின்மேல் காலையில் விட்ட பாவாடை அப்படியே கிடந்தது. விளக்குப் போடவில்லை. அறைக்குள் திரையின் வெளிச்சம் மட்டும்.

“அத்தை, இன்னும் வண்டியிலயா இருக்கீங்க?”

“ம்.”

“சாப்பிட்டீங்களா?”

தையற்காரம்மா திரும்பவில்லை. அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினாள். பார்வை ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவியது. ஒவ்வோர் இருக்கையாகப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள்.

“இந்தப் பொம்பள எல்லாப் பெட்டியிலயும் வர்றா பாரு,” என்றாள். புதிய பதிப்பில் இருக்கைகளை நிரப்ப ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப வைத்திருந்தார்கள். “அதே கைப்பை, அதே சிரிப்பு. இவளுக்கு இடம் இருக்கு.”

“என்ன அத்தை தேடறீங்க?”

“பச்சைச் சட்டை போட்ட பையன் ஒருத்தன். உனக்குத் தெரியாது, நீ உள்ள வர்றதில்ல. ஏழாவதுல ஜன்னலோரம் இருப்பான். புதுசு மாத்தினதுல எங்கயோ இடம் மாத்தி உக்கார வச்சுட்டான் போல அந்தப் பையன். முதல் பெட்டியிலேர்ந்து கடைசி வரைக்கும் பாத்துட்டேன். வண்டி போய்ச் சேர்ந்து திரும்பவும் கிளம்பிடுச்சு. இன்னொரு தடவை பாக்கிறேன். நடுவுல ஏதாவது பெட்டியை விட்டுட்டேனோ என்னமோ.”

மருமகளின் கையிலிருந்து பை நழுவியது. பிடிக்கத் தோன்றவில்லை.

“தினமும் அவனைத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்களா?”

தையற்காரம்மாவின் விரல் பொத்தான்மேல் நின்றது. மருமகள் ‘அவன்’ என்று சொன்ன விதத்திலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. நாற்காலியை மெதுவாகத் திருப்பினாள்.

“உனக்குத் தெரியுமா அவனை?”

“நான்தான் அளவெடுத்துக் குடுத்தேன் அத்தை.”

“அப்ப இப்ப எங்க அவன்?”

அறை வாசலைத் தாண்டி மருமகள் உள்ளே வந்தாள். மாதக்கணக்கில் வராத அறை. வந்து, மாமியாரின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எடுத்துடச் சொன்னேன்.”

தடக்-தடக் என்று வண்டி போய்க்கொண்டே இருந்தது.

“அந்தப் பையனுக்குப் போன் போடு” என்றாள் தையற்காரம்மா. குரலில் கோபம்கூட இல்லை. கடையில் மறந்துவிட்டு வந்த சாமானைக் கேட்பதுபோல இருந்தது.

போட்டாள். சாயக்காரன் பஸ்ஸில் இருந்தான். ஸ்பீக்கரில் வண்டிச் சத்தத்துக்கு நடுவே அவன் சொன்னதையே சொன்னான். அழித்தாகிவிட்டது. அதே இடத்தில் புதியதை எழுதியும் ஆகிவிட்டது. இனித் திரும்ப எடுக்க முடியாது. வெளியே யாரிடமும் அந்த ஆள் இல்லை. அவனுடைய பெரிய குரல் சுருங்கிச் சுருங்கி வந்தது.

“அம்மா, அண்ணிகிட்ட அளவு இருக்கும். குடுத்தா நான் ராத்திரியோட ராத்திரியா செஞ்சு தர்றேன். அதே பச்சைச் சட்டை. அதே ஜன்னல்.”

“நீ நல்ல பிள்ளைப்பா,” என்றாள் தையற்காரம்மா. “ஆனா நீ செஞ்சா அது நீ செஞ்ச பொம்மை. அது அவன் தானா வந்து உக்காந்துக்கிட்டது. பத்திரமா ஊர் போய்ச் சேரு.”

ஃபோனை மருமகள் வைத்தாள்.

“உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன் அத்தை. முகம்கூட இல்லையே அதுக்கு.”

“முகம் எதுக்குடி எனக்கு? பொறந்ததுலேர்ந்து அவனுக்கு இடது தோள் ஒரு விரக்கடை இறக்கம். எந்தச் சட்டையும் அந்தப் பக்கம் கூடுதலா மடிச்சுத்தான் தைப்பேன். அந்தத் தோளை எனக்குத் தெரியாதா? கண்டுபிடிச்ச அன்னிக்கு ராத்திரி ஒரு பொட்டு தூக்கமில்ல. சந்தோஷத்துல.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ தாங்க மாட்டேன்னு சொல்லல.”

சொன்ன பிறகு தனக்கே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறொரு வீடாக இருந்தால், வேறொரு நாளாக இருந்தால், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

“அவர்கிட்ட என்ன பேசுவீங்க?”

“என்னத்தப் பேசுறது! யார் துணி குடுத்தா, யார் ரவிக்கை அளவைத் தப்பாச் சொல்லிட்டு என்மேல சண்டைக்கு வந்தா, நீ சரியாச் சாப்பிடுறியா இல்லையா, எல்லாம்தான். பதில் சொல்ல மாட்டான். உயிரோட இருந்தப்ப மட்டும் சொன்னானா? ‘ம்’னு ஒண்ணு வரும், கண்ணு திரையிலேயே இருக்கும்.” அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. “நேத்து ஒரு விஷயம் பாதியில நிறுத்திட்டு வந்தேன். இன்னிக்குச் சொல்லலாம்னு.”

மருமகள் மாமியாரின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“உங்களுக்காகத்தான் செஞ்சேன் அத்தை. சத்தியமா உங்களுக்காகத்தான்.”

அவள் தலைமேல் வந்து படியப்போன கை, பாதி வழியில் நின்றுவிட்டது.

“எனக்காக,” என்றாள் தையற்காரம்மா. “அன்னிக்கும் எனக்காகத்தான். படத்தை நீ எடுத்த. வெளியில வந்து சளிதான்னு சொன்ன. நான் நம்பினேன். வீட்டுக்கு வந்து மெஷின்ல உக்காந்து, அடுத்தவன் சட்டைக்குப் பட்டன் தைச்சுக்கிட்டிருந்தேன். அவன்கூட உக்கார வேண்டிய நாள்ல பட்டன் தைச்சேன்டி நான். எவனோ ஒருத்தன் சட்டைக்கு.”

“அத்தை…”

“திட்டல. இது வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா? சின்னப் பொண்ணு, தாலி கட்டினவனோட நெஞ்சைத் தானே படமெடுத்துப் பாத்திருக்கா, அவ என்ன செய்வான்னு விட்டேன். ஆனா இன்னிக்குக் கேக்கணும்போல இருக்கு. ரெண்டு தடவை அவனை எனக்காகன்னு சொல்லி என்கிட்டேர்ந்து எடுத்துட்ட. ஒரு தடவையாவது என்னைக் கேட்டியா?”

மருமகளால் தலையைத் தூக்க முடியவில்லை. கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். முழங்காலில் அந்த அசைவு தெரிந்தது.

தையற்காரம்மா கையை நீட்டித் திரையை அணைத்தாள். வண்டிச் சத்தம் நின்றது. அறை முழு இருட்டாயிற்று. தெருவிலே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“வேற என்ன மறைச்சு வச்சிருக்க, எனக்காக?”

மருமகள் நிமிர்ந்தாள். இருட்டில் மாமியாரின் முகம் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ.

“வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. நல்ல வேலை. நாளைக் காலையில பதில் சொல்லணும்.”

நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. அழுகிறாளா, இல்லை வெறுமனே உட்கார்ந்திருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

“இதையும் முடிவு பண்ணிட்டுத்தான் சொல்றியா?”

“இல்ல அத்தை. முடிவு பண்ணல. இதையாவது உங்களைக் கேட்டுட்டு…”

“சரி. கேளு.”

கேளு என்று சொன்ன பிறகுதான் மருமகளுக்குத் தெரிந்தது, கேட்பதற்கு ஒன்றல்ல, இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்பது. நான் போகட்டுமா என்று கேட்டால், போ என்றுதான் சொல்வாள், அவள் அப்படிப்பட்டவள். நீங்களும் என்னோடு வருகிறீர்களா என்று கேட்டால், மகன் உட்கார்ந்த நாற்காலி, அவன் அளந்த நாடா, அவன் நடந்த இந்த வீடு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று கேட்பதாகும். இன்று அவளிடமிருந்து பிடுங்கியது போதாதா? இதில் எதைக் கேட்டாலும் அது மாமியாருக்காகக் கேட்டதா, தனக்காகக் கேட்டதா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.



“கேளுடி,” என்றாள் தையற்காரம்மா இருட்டிலிருந்து. “உக்காந்துதான் இருக்கேன். ஆனா உனக்கு என்ன வேணுமோ அதைக் கேளு. எனக்காகன்னு ஒண்ணும் சேக்காத.”